மாறும் மீன்களும் கூடும் மீன்களும்

விண்மீன்கள் என்றும் ஒரே தன்மையாய் நின்று எரிவன என்பது நம்மிற் பெரும்பாலோர் கொண்டுள்ள எண்ணம். திங்கள் வளரும், தேயும். வெள்ளியும் வியாழனும் இடம் பெயரும். விண்மீன்கள் மட்டும் நேற்று இருந்தபடியே இன்றும் இருக்கும் என்று உலகத்தார் பலரும் நெடுங்காலம் நம்பியிருந்தனர். அஃது உண்மையன்று. சில நாட்களில் ஒளி குன்றிச் சில நாட்களில் ஒளி மிகும் விண்மீன்கள் பல்லாயிரம் உள்ளன. அவற்றுட் சில வெறுங்கண்ணுக்கே புலப்படுவன. இவற்றை மாறொளி மீன்கள் எனலாம். இனி, ஒரே முகிலிலிருந்து ஒரே காலத்தில் பிறந்து, பிறந்த நாள்தொட்டுக் கூட்டமாகவே இயங்கிவரும் விண்மீன்களும் உள்ளன. இவற்றுக்கு விண்மீன் கொத்துகள் என்று பெயர். இவ்விரு வகையையும் நம் ஊர் வானத்தில் எங்ஙனம் தேடிக் காண்பது, கண்டதை எங்ஙனம் எழுதி வைப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கூட்டுறவு இதழில் வானநூல் எதற்கு என்று அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். வினவுவது நியாயமே. ஆயின் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். விடியுமுன் எழுந்து தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடும் நெசவாளரும், மும்முனை மின்சாரம் வரும் நடுச்சாமத்தில் மோட்டாரை ஓட்டிவிட்டு மடை திருப்பக் காத்திருக்கும் உழவரும் திறந்த வானின் கீழ் நிற்கும் நேரத்தில் பாதியளவுகூட நகரத்துக் கற்றவர் நிற்பதில்லை. மேலும், இத்துறை பெருங்கருவி படைத்த பேரறிஞரால் மட்டும் வளர்ந்ததன்று. கருவூல எழுத்தர் ஒருவர், வழக்கறிஞர் ஒருவர், பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்த உதவியாளர் ஒருவர், காது கேளாத இளைஞர் ஒருவர் என இத்தகையோர் சிறுகச் சிறுகச் சேர்த்துப் பொதுவில் வைத்த கணக்கினால் வளர்ந்தது. அவர்களைப் பற்றிப் பின்னர்ச் சொல்லுவோம்.

தெரிந்ததிலிருந்து தொடங்குவது நலம். கார்த்திகையை அறியாதார் நம் நாட்டில் இலர். கார்த்திகை மாதத்து முன்னிரவில் கீழ்வானத்தில் நெருங்கிய சிறு கூட்டமாக எழுவது அது. (தீபத்தன்று பார்க்கப் புகுந்தால் ஏமாற்றமே மிஞ்சும், முழுநிலா அதன் பக்கத்திலேயே நின்று ஒளியை விழுங்கிவிடும். ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து, நிலா எழுமுன் பார்க்க வேண்டும்.) நல்ல கண்ணுடையார்க்கு ஆறு மீன்கள் தெரியும், சிலர்க்கு ஏழு, எட்டும் தெரிவதுண்டு. உண்மையில் அக்கூட்டத்தில் ஏறத்தாழ ஆயிரம் மீன்கள் உள்ளன. அவை பிறந்து பத்துக் கோடி ஆண்டு அளவே ஆகிறது; விண்மீன்களின் வாழ்நாளோடு ஒப்பிட இது மழலைப் பருவம். நம்மிடமிருந்து அவற்றின் தொலைவு சுமார் 440 ஒளியாண்டு. ஒளியாண்டு என்பது காலமன்று, தொலைவு. ஒளி ஓராண்டு முழுதும் ஓடிக் கடக்கும் ஒன்பதரை இலட்சம் கோடி கிலோமீட்டர் அது. ஆகவே இன்று நாம் காணும் கார்த்திகையின் ஒளி, மதுரையில் நாயக்க மன்னர் ஆண்ட நாளில் அங்கிருந்து புறப்பட்டது.

கார்த்திகைக்குக் கிழக்கே, சற்றுத் தெற்கே தள்ளிச் செந்நிற ஒளியுடன் நிற்பது ரோகிணி. அதனைச் சுற்றிக் கவிழ்த்த ஆப்பு வடிவில் மங்கலான மீன்கள் சில தெரியும். அவையும் ஒரு கொத்தே. சுமார் 150 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளன. இதிலொரு வேடிக்கை உண்டு. கூட்டத்தின் தலைவி போல் நடுவே ஒளிரும் ரோகிணி அக்கூட்டத்தைச் சேர்ந்தவளே அல்லள். அவள் 65 ஒளியாண்டுத் தொலைவில், பாதி வழியிலேயே, தனித்து நிற்பவள். நம் பார்வைக் கோட்டில் அகப்பட்டதனால் கூட்டத்தோடு சேர்ந்தவளாகத் தோன்றுகிறாள். பெயர்ப் பட்டியலில் இருப்பவரெல்லாம் பங்குத் தொகை கட்டியவர் அல்லர் என்பதைச் சங்கப் பதிவேடுகளைப் பார்வையிடும் நாம் நன்கு அறிவோம்.

பூசம் மற்றொரு கொத்து. மாசி, பங்குனி முன்னிரவுகளில் புனர்பூசத்து இரட்டை மீன்களுக்கும் மகத்துக்கும் இடையே நோக்கினால், நிலவில்லா இருளில் பஞ்சுப் பிசிறு போன்ற ஒரு வெண்மை புலப்படும். 1609ஆம் ஆண்டில் தொலைநோக்கியை வானத்தின்பால் திருப்பத் தொடங்கிய கலிலியோ, அவ்வெண்மை நாற்பது மீன்களுக்கு மேற்பட்ட கூட்டமெனக் கண்டார். இன்று ஒரு சாதாரணப் பைனாகுலரில் எவரும் அதைக் காணலாம். ஆனி, ஆடியில் தென்வானத்தில் தேள் வடிவம் தெளிவாக நிற்கும்போது, அதன் வாற்கொடுக்கான மூலத்துக்குச் சற்றுக் கிழக்கே இன்னொரு வெண்புள்ளி உண்டு. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி என்னும் கிரேக்க வானநூலார் குறித்து வைத்தது அது. இன்று மெசியே பட்டியலில் ஏழாம் எண்ணாக வழங்குகிறது. இப்பட்டியலை இயற்றிய மெசியே என்னும் பிரெஞ்சுக்காரர் வால்மீன் தேடுபவர். வால்மீன் என்று மயங்கி நேரத்தை வீணாக்காதிருக்க, ஒதுக்கித் தள்ள வேண்டிய 103 மங்கல் பொருள்களை 1781 வரை தொகுத்துக் குறித்தார். ஒதுக்குவதற்கென எழுதிய பட்டியலையே இன்று உலகமெங்கும் தேடிப் பார்ப்பதற்கெனக் கையில் வைத்திருக்கின்றனர்!

இவற்றையெல்லாம் விஞ்சும் கொத்து ஒன்று தெற்கே உண்டு. ஐரோப்பாவின் வடபகுதியினர்க்கு வாழ்நாள் முழுதும் கிட்டாத காட்சி அது. நமக்கு வைகாசி முன்னிரவிலேயே கிட்டும். திரிசங்கு என்று நம்மவர் வழங்கும் தென்சிலுவைக்குக் கிழக்கே ஒளி மிக்க இரு மீன்கள் உள. அவற்றுள் சிலுவைக்கு அணித்தாய் உள்ள மீனிலிருந்து வடமேற்கே சற்றுத் தொலைவில் இரண்டாம் தர மீன் ஒன்று இருக்கும். அவ்விரண்டையும் ஒரு கோட்டால் இணைத்து, அதே அளவு மேலும் நீட்டினால், உருவம் தெளியாத ஒரு மங்கல் மீன் தோன்றும். மீன் என்று கண் சொல்லும், மீன் அன்று. ஏறத்தாழ ஒரு கோடி மீன்கள் பந்தாய்த் திரண்ட கூட்டம் அது. பெயர் ஒமேகா செண்டாரி. தொலைவு சுமார் 17,000 ஒளியாண்டு. கார்த்திகை மழலை என்றோம். இஃது ஆயிரத்து இருநூறு கோடி ஆண்டு மூத்த முதுகிழவர் கூட்டம். 1677இல் எட்மண்டு ஹாலி செயின்ட் ஹெலினாத் தீவிலிருந்து நோக்கி, இது தனிமீன் அன்று என்று குறித்தார்.

இத்தகைய பந்துக் கொத்துகளுக்குள்ளேயே மாறொளி மீன்கள் ஏராளமாக இருப்பதை 1890களில் சாலன் பெய்லி என்பவர் பெரு நாட்டிலிருந்து எடுத்த ஒளிப்படங்களில் கண்டார். அவற்றின் ஒளி மாறுதலை அளவுகோலாகக் கொண்டு 1918இல் ஹார்லோ ஷேப்லி கொத்துகளின் தொலைவைக் கணித்தார். நம் ஞாயிறு பால்வெளியின் நடுவில் இல்லை, வெகு தொலைவில் ஒரு புறத்தே கிடக்கிறது என்ற உண்மை அதனால் வெளியாயிற்று. ஆகவே மாறும் மீனும் கூடும் மீனும் வெவ்வேறு பொருள்கள் போலத் தோன்றினும் ஒன்றையொன்று விளக்குவன.

இனி மாறொளி மீன்களுக்கு வருவோம். இவற்றைத் தேடுவது எளிது; மாற்றத்தை உணர்வதற்குத்தான் பயிற்சி வேண்டும். அதற்கு முன் ஒளித்தரம் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நெசவாளர்க்கு இதனை விளக்குதல் எளிது. நூலின் நம்பர் ஏற ஏற இழை மெலிகிறது. இருபதாம் நம்பர் தடித்தது, எண்பதாம் நம்பர் மெலிந்தது. அவ்வாறே ஒளித்தர எண் ஏற ஏற மீனின் ஒளி மெலியும். முதல் தரம் பேரொளி உடையது; ஆறாம் தரம் நல்ல இருளில் கண்ணுக்கு எட்டும் கடைசி எல்லை. ஐந்து தரம் இறங்கினால் ஒளி நூற்றில் ஒரு பங்காகும். ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் ஏறத்தாழ இரண்டரை மடங்கு வேறுபாடு. இக்கணக்கை 1856இல் வகுத்தவர் நார்மன் போக்ஸன் என்னும் ஆங்கிலேயர். இவர் 1861இல் சென்னைக்கு வந்து, நுங்கம்பாக்கத்து வானிலையத்தின் தலைவராய் முப்பதாண்டு பணி செய்து, 1891இல் சென்னையிலேயே மறைந்தார். உலகமெங்கும் விண்மீன் ஒளியை அளக்கப் பயன்படும் படிக்கல்லை வகுத்தவர் நம் ஊரில் வாழ்ந்தவர் என்பது பலர் அறியாதது.

முதன்முதல் பயில்வார்க்கு ஏற்றது திருவாதிரை. மார்கழி, தை முன்னிரவில் கிழக்கே, வரிசையாய் நிற்கும் மூன்று மீன்களுக்கு வடபுறம் செம்மை படர்ந்து ஒளிரும் பெருமீன் அது. மேனாட்டார் இதனைப் பெடல்ஜியூஸ் என்பர். இதன் ஒளி சுமார் 400 நாள் அளவில் ஏறி இறங்குகிறது. ஆயினும் கடிகாரம் போல் ஒழுங்காக அன்று. 2019ஆம் ஆண்டின் இறுதியில் இது வழக்கத்துக்கு மாறாகக் குன்றத் தொடங்கிற்று. 2020 பிப்ரவரியில் அதன் ஒளி 1.6ஆம் தரத்துக்கு இறங்கி, அதே உருவத்தின் மற்றைத் தோளில் நிற்கும் பெல்லாட்ரிக்ஸ் மீனுக்கு ஒப்பாயிற்று. இயல்பான ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே எஞ்சியது. மீன் வெடித்துவிடுமோ என்றுகூட உலகத்தார் பேசலாயினர். சில வாரங்களில் மீண்டும் ஒளி ஏறிற்று. மீனின் மேற்பரப்பில் ஒரு பகுதி குளிர்ந்ததும், அது கக்கிய வாயு தூசாய் உறைந்து நம் பக்கத்தை மறைத்ததுமே காரணம் என்று பின்னர் ஆராய்ந்தோர் தெளிந்தனர். அம்மாதங்களில் வானைப் பார்த்திருந்த எந்த உழவரும், எந்தக் கருவியுமின்றி, அம்மாற்றத்தைக் கண்டிருக்கலாம். கண்டு எழுதி வைத்தவர் எத்தனை பேர்?

அளக்கும் முறை இது. திருவாதிரையைவிட ஒளி மிக்க மீன் ஒன்றும், குறைந்த மீன் ஒன்றும் தெரிந்தெடுக்க வேண்டும். மிக்கது அதற்குக் கிழக்கே நிற்கும் புரோசியன், 0.4ஆம் தரம், குறைந்தது ரோகிணி, 0.9ஆம் தரம். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேற்றுமையை ஐந்து பங்காகக் கருதிக்கொள்க. திருவாதிரை புரோசியனுக்கு இரண்டு பங்கு கீழும் ரோகிணிக்கு மூன்று பங்கு மேலுமாகத் தோன்றினால் அதன் தரம் 0.6. அவ்வளவே. ஒரே நிறம் என்று வெவ்வேறு நாளில் சாயமேறி வந்த இரு சிட்டங்களைப் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, இது ஒரு சாயை கூடுதல், பாவில் கலந்தால் துணியில் கோடு விழும் என்று சொல்லும் நெசவாளர் கண்ணுக்கு இப்பயிற்சி ஒரு வாரத்தில் கைவந்துவிடும் என்பது நம் துணிபு. படித்தவர்க்குச் சற்று நாளாகும்.

சில எச்சரிக்கைகள் உண்டு. வெளிச்சத்திலிருந்து வெளியே வந்ததும் பார்த்தல் கூடாது. கண் இருளுக்குப் பழக அரை மணி நேரம் வேண்டும். குறிப்பெழுத விளக்கு வேண்டுமெனில் டார்ச்சின் முகத்தில் சிவப்புத் தாள் கட்டிக்கொள்ளலாம். செம்மீன்களை உற்று நோக்கிக்கொண்டே இருந்தால் அவற்றின் ஒளி கண்ணில் ஏறிக்கொண்டே போவதாகத் தோன்றும்; ஆதலால் நொடிப் பார்வையாக மாறி மாறி நோக்க வேண்டும். அடிவானத்துக்கு அண்மையிலுள்ள மீன், புழுதியாலும் புகையாலும் ஒளி இழந்து தெரியும். ஒப்பிடும் மீன்கள் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நிற்கும் நேரத்தைத் தேர்தல் நன்று. நாற்பதைத் தாண்டிய நெசவாளர் தமக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டதே என்று தயங்க வேண்டுவதில்லை. வெள்ளெழுத்து அருகிலுள்ள இழைக்குத்தான் இடையூறு, வானத்துக்கு அன்று. தூரப்பார்வை குன்றியவர் தம் கண்ணாடியை அணிந்தே பார்க்கலாம்.

திருவாதிரையின் மாற்றம் மாதக்கணக்கில் நிகழ்வது. ஒரே இரவில் மாற்றம் காண விரும்புவோர் கார்த்திகைக்கு வடக்கே, கையை நீட்டிப் பிடித்த முட்டி அகலத்தில் இரண்டு அளவு தொலைவில், பெர்சியஸ் கூட்டத்திலுள்ள அல்கோலை நாட வேண்டும். பூதத்தின் தலை என்று அரபு மொழியில் அதற்குப் பொருள். இரண்டு நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒரு முறை இதன் ஒளி 2.1ஆம் தரத்திலிருந்து 3.4ஆம் தரத்துக்கு இறங்கி மீண்டும் ஏறும். இறங்க ஐந்து மணி நேரம், ஏற ஐந்து மணி நேரம். இன்று இரவு பதினொரு மணிக்கு அடி தொட்டதெனில், மூன்று நாள் கழித்து இரவு ஏழு மணி 49 நிமிடத்துக்கு மறுபடி அடி தொடும். ஆகவே ஒரு முறை கண்டு குறித்தவர்க்கு அடுத்த முறை தானே கணக்கில் வந்துவிடும்.

இந்தக் கணக்கைக் கண்டவர் ஜான் குட்ரிக் என்னும் இங்கிலாந்து நாட்டு இளைஞர். சிறு வயதிலேயே காது கேளாதவர். யார்க் நகரில் தம் வீட்டிலிருந்தபடி 1782 நவம்பரில் அல்கோல் மங்கியதைக் கண்டபோது வயது பதினெட்டு. பல மாதம் இரவுதோறும் விடாது நோக்கி, ஒழுங்கான கால அளவுடன் அது மங்குவதை நிறுவினார். இருண்ட ஒரு பொருள் அதனைச் சுற்றி வந்து இடையே மறைக்கிறது போலும் என்று காரணமும் கூறினார். நூறாண்டுக்குப் பின் 1889இல் வோகல் என்பவர் நிறப்பிரிகை ஆய்வினால் அஃது உண்மையே என நிலைநாட்டினார். ஒளி மிக்க மீனை ஒளி குன்றிய துணைமீன் மறைப்பதே நாம் காணும் மங்கல். குட்ரிக் 1784இல் வடவானில் டெல்டா செபீ என்னும் மீனின் மாற்றத்தையும் கண்டார். 1786இல், இருபத்தொன்றாம் வயதில், இறந்தார்.

டெல்டா செபீ நமக்கு வடக்கே தாழ்வாக நிற்கும். அதே இனத்து மீன் ஒன்று நம் தலைக்கு மேலேயே வருவதால் அதனையே பரிந்துரைப்போம். ஆவணி, புரட்டாசி முன்னிரவில் உச்சிக்கு அருகே திருவோணம் மூன்று மீன்களாய் ஒரு வரிசையில் நிற்கும். நடுமீன் பேரொளி உடையது. அதற்கு நேர் தெற்கே ஒரு முட்டி அகலத்துக்குச் சற்றுக் குறைவான தொலைவில், ஏறத்தாழ ஒரு கோட்டில் அமைந்த மூன்று மீன்களில் நடுவில் உள்ளது எட்டா அக்விலே. 1784இல் குட்ரிக்கின் நண்பர் எட்வர்டு பிகாட் இதன் மாற்றத்தைக் கண்டார். ஏழு நாள் நாலேகால் மணி நேரத்தில் 3.5ஆம் தரத்துக்கும் 4.4ஆம் தரத்துக்கும் இடையே ஏறி இறங்கும். ஏறுவது விரைவு, இறங்குவது மெதுவு. திருவோணத்து வரிசையின் தென்முனை மீன் 3.7ஆம் தரம். ஒரு வாரத்தில் எட்டா சில நாள் அதைவிட ஒளி மிக்கதாயும், சில நாள் வெகுவாகக் குறைந்தும் தோன்றும். இந்த மீன் உண்மையிலேயே மூச்சு விடுவது போல விரிந்து சுருங்குகிறது; மறைக்கும் துணை எதுவும் இதற்கில்லை.

இவ்வினத்து மீன்களைப் பற்றி ஒன்று கூறாமற் செல்ல மனமில்லை. ஹார்வர்டு வானிலையத்தில் ஹென்றியட்டா லீவிட் என்னும் அம்மையார் ஒளிப்படத் தகடுகளில் மீன்களின் ஒளியை ஒப்பிட்டு எழுதும் பணியில் இருந்தார். ஊதியம் மணிக்கு முப்பது சென்டு. இவரும் செவிப்புலன் குன்றியவர். கால அளவு நீண்ட மீன் இயல்பில் ஒளியும் மிக்கது என்ற விதியை, 25 மீன்களின் கணக்கைக் கொண்டு, 1912இல் வெளியிட்டார். காலத்தைக் கண்டால் இயல்பான ஒளி தெரியும். அதனைத் தோன்றும் ஒளியோடு ஒப்பிட்டால் தொலைவு தெரியும். 1923இல் ஹப்பிள், ஆண்ட்ரமீடா மங்கலில் இத்தகைய மீன் ஒன்றைக் கண்டு, அது நம் பால்வெளிக்கு அப்பாற்பட்ட தனி உலகம் என்று நிறுவினார். அண்டத்தின் அளவை விரித்த அக்கண்டுபிடிப்பு, குறைந்த ஊதியத்துக்கு ஓர் அம்மையார் வரி வரியாய் எழுதிய பதிவேட்டின்மீது நின்றது.

மைரா என்பதும் காணத் தக்கது. 1596இல் பேப்ரிசியஸ் கண்டது. வியப்புக்குரியது என்று பொருள். 332 நாளில் வெறுங்கண்ணுக்கு நன்கு தெரியும் நிலையிலிருந்து முற்றும் மறையும் நிலைக்குப் போய் வரும். ஆண்டுதோறும் ஒரு மாதம் முந்தி உச்சம் வருவதால், சில ஆண்டுகளில் அது ஞாயிற்றின் பக்கம் சிக்கிக் காணக் கிட்டாமற் போவதும் உண்டு.

இப்பொழுது நம் நாட்டவர் இருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

போக்ஸன் தலைவராயிருந்த நுங்கம்பாக்கத்தில் முதல் உதவியாளராய் இருந்தவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரியார். பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்தவர்; இளமையிலேயே வானிலையத்தில் வேலைக்கு அமர்ந்தவர். ஒவ்வொரு மீனும் தெற்கு வடக்குக் கோட்டைக் கடக்கும் நேரத்தைக் குறித்து அதன் இடத்தைக் கணக்கிடும் பணி அங்கே ஆண்டுக்கணக்கில் நடந்தது. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட மீன்களின் அட்டவணை அதனால் உருவாயிற்று. அதில் இவர் உழைப்புப் பெரிது. 1867 ஜனவரியில் தென்கோடி வானத்து மீன் ஒன்றின் ஒளி மாறுவதை இவர் கண்டார். இன்று ஆர் ரெட்டிகுலி என்று உலக அட்டவணைகளில் வழங்கும் மீன் அது. மாறொளி மீன் ஒன்றைக் கண்டுபிடித்ததாகப் பதிவு பெற்ற முதல் இந்தியர் இவரே. 1872இல் இங்கிலாந்து அரச வானநூற் கழகத்தின் உறுப்பினரானார்; அப்பெருமை பெற்ற முதல் இந்தியரும் இவரே. 1874 டிசம்பரில் வெள்ளி ஞாயிற்றைக் கடந்தபோது, பொதுமக்கள் அதனை விளங்கிக்கொள்ளும்பொருட்டுச் சிறுநூல் எழுதி நம் நாட்டு மொழிகள் பலவற்றில் வெளிவரச் செய்தார். 1880இல் காலமானார். அந்த வானிலையம் 1792இல் எழுந்தபோது நாட்டிய கருங்கல் தூண், தமிழிலும் தெலுங்கிலும் பொறித்த எழுத்துகளோடு, நுங்கம்பாக்கத்து வானிலை ஆய்வு மையத்து வளாகத்தில் இன்றும் நிற்கிறது. அவ்வழியே செல்வோரில் எத்தனை பேர் அறிவர்?

மற்றவர் இராதாகோவிந்த சந்திரர். 1878இல் இன்றைய வங்காள தேசத்தைச் சேர்ந்த ஜெஸ்ஸூர் மாவட்டத்தில் பிறந்தவர். பள்ளியிறுதித் தேர்வில் தேறாதவர். மாவட்டக் கருவூலத்தில் நாணயம் பார்த்து எண்ணும் சிறு பணியில் இருந்தார். 1910இல் ஹாலி வால்மீனைக் கண்டது முதல் வானத்தில் வேட்கை மிகுந்து, 1912இல் மூன்றங்குலத் தொலைநோக்கி ஒன்றைத் தம் பணத்தில் வரவழைத்தார். 1918 ஜூனில் திடீரெனப் பேரொளியுடன் எழுந்த புதுமீன் ஒன்றைப் பிறர் சொல்லாமலே தாமும் கண்டு எழுதினார். அதன்பின் அமெரிக்க மாறொளி மீன் நோக்குவோர் சங்கத்தில் சேர்ந்தார்.

அச்சங்கத்தின் அமைப்பு நம் அங்கத்தினர்க்குப் புதுமையாய்த் தோன்றாது. 1911இல் ஓல்காட் என்னும் வழக்கறிஞர் ஒருவர் முயற்சியால் தோன்றியது. எவரும் அங்கத்தினராகலாம். ஒவ்வொருவரும் தம் ஊரில் தம் கண்ணால் கண்ட ஒளித்தரத்தை நாளும் நேரமும் குறித்து அனுப்புவர். எல்லாம் ஒரே பேரேட்டில் ஏறும். ஒருவர் ஊரில் மேகமிருந்தால் மற்றொருவர் ஊரில் வானம் தெளிந்திருக்கும். இங்கே பகலானால் அங்கே இரவு. தனித்துப் பார்த்தால் ஒருவர் கணக்கு ஓட்டை விழுந்த துணி. சேர்த்து நெய்தால் மீனின் வரலாறு முழுதும் வந்துவிடும். அப்பேரேட்டில் இன்று ஐந்து கோடிக்கு மேற்பட்ட பதிவுகள் உள்ளன. பெரிய வானிலையங்களில் ஆராய்வோர் அவற்றை எடுத்தாளுகின்றனர். அதில் 37,000க்கு மேற்பட்ட பதிவுகள் கருவூல எழுத்தர் சந்திரர் ஒருவருடையவை. பகலில் அலுவலகம், இரவில் மொட்டை வானம் என்று ஆண்டுகள் பல உழைத்தார். அவர் உழைப்பை மதித்து 1926இல் அச்சங்கத்தார் ஆறேகால் அங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கடல் கடந்து அனுப்பிவைத்தனர். நாட்டுப் பிரிவினைக்குப் பின் மேற்கு வங்காளத்தில் வாழ்ந்து 1975இல் மறைந்தார். அந்தத் தொலைநோக்கி பின்னர் வானநூலறிஞர் வைணு பாப்புவின் கைக்கு வந்து, ஜவ்வாது மலைமேல் காவலூர் வானிலையத்தை வந்தடைந்தது. 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பெற்றதும் அக்காவலூரிலேதான்.

பதிவெழுதுவதைப் பற்றி, கணக்குப் பார்க்கும் தொழிலில் உள்ளோம் என்ற உரிமையில், இரண்டொரு சொல். கண்ட இரவிலேயே எழுத வேண்டும். நாலு நாள் கணக்கை ஐந்தாம் நாள் நினைவிலிருந்து எழுதுவது சங்கத்தில் எவ்வளவு கேடோ இங்கும் அவ்வளவே கேடு. நேற்றைய பதிவைப் பார்த்துவிட்டு இன்று வானத்தைப் பார்க்கலாகாது. நேற்று மங்கிற்று, இன்று இன்னும் மங்கியிருக்க வேண்டும் என்று மனம் கண்ணுக்குக் கட்டளையிடும், கண்ணும் கீழ்ப்படியும். மேகம் மூடிய நாளில் ‘மேகம்’ என்று எழுதுவதும் ஒரு பதிவே. அந்த வரியை அழகுக்காக ஓர் எண்ணால் நிரப்பியவர் மாதம் முழுதும் எழுதிய மற்ற எண்களையும் நம்பத்தகாதனவாக ஆக்கிவிடுகிறார். நாள், மணி, மீனின் பெயர், ஒப்பிட்ட இரு மீன்கள், மதிப்பு, வானத்தின் நிலை. ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் ஆறு பத்தி கீறினால் போதும்.

வெறுங்கண்ணால் தொடங்கியவர்க்குச் சில மாதத்தில் பைனாகுலர் வேட்கை வரும். ஏழு அல்லது பத்து மடங்கு பெருக்கி, முன்கண்ணாடி ஐம்பது மில்லிமீட்டர் உள்ளது நன்று. அதற்கு மேற்பட்டது கையில் நடுங்கும். இதனைத் தனித்தனியே வாங்க வேண்டுவதில்லை. ஊரில் படிப்பகமோ நூலகமோ இருப்பின், புத்தகத்தைப் போலவே இதனையும் பதிவேட்டில் ஏற்றி இரவல் கொடுக்கலாம். தெருவிளக்குகள் வெண்ணொளி விளக்குகளாய் மாறியபின் ஊருக்குள் வானம் வெளுத்துவிட்டது மெய்யே. ஆயினும் வயல்வரப்புக்கு வந்தால் இருள் இன்னும் இருக்கிறது.

பைனாகுலர் கையிற் கிட்டினால் தை மாதத்தில் ஒருநாள், இரவு ஒன்பது மணி அளவில், தெற்கு அடிவானம் தெளிவாய்த் தெரியும் இடத்தில் நின்று இரகுநாதாச்சாரியாரின் மீனைத் தேடலாம். தென்வானில் ஒளி மிக்கு நிற்பது அகத்தியன். அதற்கு வெகு மேற்கே தாழ்ந்து ஒளிர்வது ஆக்கெர்னார். இரண்டுக்கும் இடையே, அகத்தியனைவிடத் தாழ்வாக, ரெட்டிகுலம் என்னும் சிறு கூட்டம் உள்ளது. சென்னையில் அது அடிவானத்துக்கு மேல் பதினான்கு பாகையே எழும், கன்னியாகுமரியில் பத்தொன்பது. சுமார் 278 நாளுக்கு ஒரு முறை அந்த மீன் ஏழாம் தரத்தை ஒட்டி ஒளி ஏறும். அப்பொழுது பைனாகுலருக்குத் தெரியும். மற்ற மாதங்களில் பதின்மூன்றாம் தரத்துக்கும் கீழே இறங்கி, அந்த இடம் வெற்றிடமாகவே காணும். வெற்றிடமாயிருந்தால், எந்த அளவு மங்கிய மீன்வரை அன்று தெரிந்தது என்பதைக் குறித்து, ‘அதற்கும் கீழே’ என்று எழுதிவைக்கலாம். அதுவும் பேரேட்டில் ஏறும் பதிவே.